ஒரே லட்சுமிக்கு மூன்று கோப்பு: மருத்துவமனைப் பதிவில் பிழை எங்கே பிறக்கிறது?

லட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக அடிக்கலாம்? நடுவில் 'கே எஸ் எச்' போடலாம், 'எக்ஸ்' போடலாம், வாயில் வருகிறபடியே 'டி சி எச்' போடலாம். 'எல்'லுக்குப் பக்கத்தில் சிலர் 'ஏ' போடுவார்கள், சிலர் 'இ' போடுவார்கள். கடைசியில் 'ஐ'யா 'ஒய்'யா என்பது வேறு. வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவறையில் நான் வேலை பார்த்தபோது, ஒரே அம்மாவுக்கு மூன்று கோப்புகள் இருப்பதைக் கண்டுபிடித்தோம். அதே வீடு, அதே கைப்பேசி எண், அதே சர்க்கரை நோய். பெயரின் எழுத்து மட்டும் மூன்று விதம். ஒரு கோப்பின் அட்டையில், அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மற்ற இரண்டிலும் அந்த வரி இல்லை.

அடித்தவர்கள் மூன்று பேர். மூவரும் காதில் விழுந்ததை அப்படியே அடித்திருந்தார்கள். பெயரை ஆதாரில் இருக்கிறபடிதான் அடிக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. புதுக் கோப்பு திறப்பதற்கு முன்னால் கைப்பேசி எண்ணைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம் என்றும் சொல்லித்தரவில்லை. மேலாளர் மூவரையும் கூப்பிட்டு, "கொஞ்சம் கவனமா இருங்கப்பா" என்றார். அடுத்த மாதமே வேறொருவருக்கு இரண்டு கோப்பு அகப்பட்டது.

டேட்டா என்ட்ரி பிழை பற்றிப் பேசும்போதெல்லாம் "கவனம்" என்ற அந்த ஒரு சொல்லில் வந்து நின்றுவிடுகிறோம். கவனம் வேண்டும்தான். ஆனால் ஒருவர் கவனமாக இருக்க முடிகிற மாதிரி அந்த இடத்தை அமைத்துத் தருவது நிர்வாகத்தின் வேலை. மருத்துவமனை வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், முதல்முறையாக நாலு பேரை மேற்பார்க்கும் பொறுப்புக்கு வந்தவர்களுக்கும் இதை அடியிலிருந்து சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

பிழை என்று எதைச் சொல்கிறோம்

ஒரு பதிவு சரி என்று சொல்ல நாலு விஷயம் பொருந்த வேண்டும். தகவல் உண்மையாக இருக்க வேண்டும், சரியான ஆளின் கோப்பில் இருக்க வேண்டும், சரியான கட்டத்தில் இருக்க வேண்டும், எந்த நேரத்தில் எடுத்தது என்பதும் கூடவே இருக்க வேண்டும். சர்க்கரை 180 என்பது சாப்பிடும் முன்பா, சாப்பிட்ட பிறகா என்று தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்து மருத்துவர் ஒன்றும் செய்ய முடியாது.

கைத்தவறு எல்லோருக்கும் தெரிந்த வகை. 54 கிலோ 45 ஆகிவிடும். 5.0 என்று எழுதியதில் புள்ளி மங்கி 50 ஆகிவிடும். அதனால்தான் மருந்தின் அளவை எழுதும்போது முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளி பூஜ்யம் போடாதே, ஒன்றுக்குக் குறைந்த அளவானால் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் விடாதே என்று சொல்லித்தருகிறார்கள். 5 என்றால் வெறும் 5. அரை என்றால் 0.5.

அடுத்தது காதுத்தவறு. கைப்பேசி எண்ணைச் சொல்லும்போது "டபுள் ஃபைவ், த்ரீ, ட்ரிபிள் எய்ட்" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். பின்னால் குழந்தை அழும், மின்விசிறி சத்தம், மைக்கில் டோக்கன் எண் கூப்பிடுவார்கள். ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். முன்னால் உள்ள 11 இலக்கங்களை வைத்து, நெதர்லாந்துக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-ல் வெளியிட்ட முறைப்படி கணக்கிட்டு அது போடப்படுகிறது. இடையில் ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கணினி கண்டுபிடித்துவிடும். கைப்பேசி எண்ணுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. திருப்பிப் படித்துக் காட்டியோ, அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்தோதான் உறுதி செய்ய வேண்டும். அந்த மிஸ்டு காலுக்குப் பத்து விநாடி ஆகும்.

மூன்றாவது வகைதான் என்னை அதிகம் உறுத்துவது. ஊகம்.

"வயசு இன்னா ஆயா?"

"இன்னா, ஒரு அறுவது இருக்கும். போட்டுக்கோ கண்ணு."

60 என்று போட்டாயிற்று. பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கம் போகாது. அதனால் ஜனவரி 1. கைப்பேசி இல்லை என்கிறார், அந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. அதனால் பத்துத் தடவை 9. இங்கே ஊழியர் பொய் எழுத வேண்டும் என்று நினைக்கவே இல்லை. 'தெரியவில்லை' என்று சொல்ல ஒரு வழி வைக்காத திரை அவரைப் பொய் எழுத வைத்தது. கட்டம் காலியாக இருந்தால் யாராவது பிறகு கேட்டு நிரப்புவார்கள். பொய்யால் நிரம்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நாலாவதுதான் ஆபத்தில் பெரியது: சரியான தகவல், தவறான ஆள். வியாசர்பாடியில் ஒரு செல்வி, கொருக்குப்பேட்டையில் ஒரு செல்வி, இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது, இருவரும் ஒரே நாள் ரத்தப் பரிசோதனைக்கு வந்திருக்கிறார்கள். "நீங்கதானே செல்வி?" என்று கேட்டால் இருவருமே தலையாட்டுவார்கள். கூட்டத்தில், பயத்தில், சரியாகக் காது கேட்காத வயதில், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது மனித இயல்பு. அதனால் பெயரை நாம் சொல்லி ஆமாம் வாங்கக் கூடாது. "உங்க பேர் சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க" என்று அவர் வாயால் வரவைக்க வேண்டும். நோயாளியை அடையாளம் காணக் குறைந்தது இரண்டு விவரங்களைக் கேட்க வேண்டும், அறை எண்ணை அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட நோயாளி பாதுகாப்பு வழிகாட்டுதலில் இருக்கிறது. படுக்கை எண்ணுக்கும் அதே நியாயம்தான். மதியம் 12-ஆம் படுக்கையில் இருந்தவர் ராத்திரி 15-க்கு மாறியிருப்பார்.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல்கள்

வெளிநாட்டுப் பழக்கத்தில் செய்த மென்பொருளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பின் கணவர் பெயரின் எழுத்து. செ. லட்சுமியும் மு. லட்சுமியும் ஒருவரே என்று கணினிக்கு எப்படித் தெரியும்? தந்தை பெயருக்கு ஒன்று, கணவர் பெயருக்கு ஒன்று எனத் தனித்தனிக் கட்டம் வைத்தால் இதில் பாதிக் குழப்பம் தீரும்.

முகவரி இன்னொரு கதை. தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பல வீடுகளுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. ஹவுசிங் போர்டு என்றால் பிளாக் எண் வேறு. எந்த எண் என்று கேட்காமல் ஒன்றை மட்டும் அடித்தால், நோயாளியைத் தேடிப் போகிற களப் பணியாளர் வேறு வாசலில் நிற்பார். காசநோய் விஷயத்தில் இது சின்ன சங்கதி இல்லை. சாதாரணக் காசநோய்க்கே 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மருந்தை விட்டுவிடுகிறவர்களைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவருவதற்கு முகவரியும் கைப்பேசி எண்ணும்தான் ஆதாரம். சிகிச்சைக் காலத்தில் சத்தான உணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கிய அரசு உதவி, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. அது நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் முட்டைக்கும் பருப்புக்கும் வர வேண்டிய பணம் வராது.

இனி நான் செய்த பிழை. பிரசவத்துக்குப் பிறகு பிறப்புப் பதிவுக்கு அனுப்ப வேண்டிய விவரத்தில், தந்தை பெயரில் ஒரு எழுத்தை மாற்றி அடித்தேன். ஷிப்ட் முடியும் நேரம், அன்றைக்கு அது எத்தனையாவது படிவம் என்று நினைவில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், அதனால் படிவங்களைக் கட்டாகச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம். சில மாதம் கழித்து அந்தத் தாய் காசிமேட்டிலிருந்து குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். கணவர் படகில் போயிருந்தார். மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும், பிறகு மாநகராட்சி அலுவலகம், பிறகு மறுபடியும் எங்களிடம். மூன்று தடவை வந்தார். மீன் விற்கப் போகாத மூன்று நாள். அவர் என்னைத் திட்டவில்லை. "கொஞ்சம் பார்த்துப் போட்டிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். நான் அடிக்கிற எழுத்து எங்கே போய் யாரைத் தொடுகிறது என்று அதுவரை எனக்கு யாரும் காட்டியதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஒரே சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் ஆகிவிட்டது. இன்று அதே எழுத்து மாறினால் அந்தக் குடும்பம் எவ்வளவு அலைய வேண்டியிருக்கும்!

சிவப்பு மணிகள்

தர மேலாண்மையில் பெரிய பெயர் எட்வர்ட்ஸ் டெமிங். அமெரிக்கர், 1993-ல் காலமானார். அவர் தன் வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் 4000 மணிகள், அதில் 800 சிவப்பு, மீதி வெள்ளை. 50 குழிகள் உள்ள ஒரு கரண்டியை உள்ளே விட்டு எடுத்தால் 50 மணிகள் வரும். வந்திருப்பவர்களில் சிலரைத் தொழிலாளிகளாக நிறுத்தி, "வெள்ளை மணிதான் வேண்டும், சிவப்பு வரக் கூடாது" என்பார். ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கிற பெட்டியில் எப்படி வராமல் இருக்கும்? ஒருவருக்கு 7 வரும், இன்னொருவருக்கு 13 வரும். 7 எடுத்தவரைப் பாராட்டுவார், 13 எடுத்தவரைக் கண்டிப்பார். அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கே அதிகமாக வரலாம்.

மணியை எடுப்பவரின் திறமைக்கும் சிவப்பின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. சிவப்பு குறைய வேண்டுமானால் பெட்டியில் சிவப்பைக் குறைக்க வேண்டும், பெட்டியோ மேலாளர் கையில் இருக்கிறது. நம் கவுன்ட்டரில் சத்தம், அவசரம், மோசமான திரை, ஒரே ஆளுக்கு மூன்று வேலை, சொல்லித்தராத விதிகள் இவைதான் சிவப்பு மணிகள்.

நான் பிறகு வேலை பார்த்த ஒரு இடத்தில் பிழை ஒன்றுக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடித்தார்கள். பிழை குறைந்த மாதிரி தாளில் தெரிந்தது. உண்மையில் பிழையைச் சொல்வதுதான் நின்றுபோயிருந்தது. தவறாக அடித்ததை யாருக்கும் தெரியாமல் மாற்றுவார்கள், மாற்ற முடியாததை விட்டுவிடுவார்கள். லேப் ரிப்போர்ட் ஆள் மாறிப்போனதை உடனே சொல்ல வேண்டிய பெண், சாயந்திரம் வரை சொல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அபராதம் போடுகிற நிர்வாகம் முதலில் இழப்பது இந்த மாதிரித் தகவலைத்தான்.

மேலாளர் எங்கே தொடங்கலாம்

ஒரு நாள் காலை, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, கவுன்ட்டரில் ஆபரேட்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். பேசாதீர்கள். அவரை எத்தனை பேர் இடையில் நிறுத்துகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். எக்ஸ்ரே எங்கே என்று ஒருவர், டோக்கன் எப்போது கூப்பிடுவீர்கள் என்று ஒருவர், தொலைபேசி, வார்டிலிருந்து வந்த அட்டெண்டர். ஒவ்வொரு தடவையும் பாதி அடித்த எண் மனதிலிருந்து நழுவும். வழி சொல்வதற்கென்று வாசலில் ஒருவரை உட்காரவைத்தாலே கவுன்ட்டரில் அடிக்கிறவர் அடித்து முடிக்கலாம். கூட்டம் வரும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு இன்னொரு கவுன்ட்டரைத் திறந்து, மதியம் அதே ஆளை வேறு வேலைக்கு அனுப்பலாம். நாள் முழுக்க ஒரே எண்ணிக்கையில் ஆள் வைப்பது கணக்குக்கு வசதி, கூட்டத்துக்குப் பொருந்தாது.

இன்னொரு நாள் ஒரே ஒரு நோயாளியோடு நடந்து பாருங்கள். அவர் பெயரை எத்தனை இடத்தில் கையால் எழுதுகிறார்கள்? ஓபி (புறநோயாளி) சீட்டு, லேப் படிவம், ரத்தக் குழாயின் லேபிள், லேப் ரெஜிஸ்டர், கேஸ் ஷீட், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி. ஒவ்வொரு முறை பார்த்து எழுதும்போதும் பிழைக்கு ஒரு வாசல் திறக்கிறது. ஒரு தடவை சரியாக அடித்து, பார்கோடு ஒட்டி, மற்ற இடங்களில் ஸ்கேன் செய்துகொண்டால் அத்தனை வாசலும் மூடும். பார்கோடு வாங்கப் பணம் இல்லாத சிறிய இடத்தில்கூட, ஒரே அச்சில் பத்து ஒட்டுத்தாள் எடுத்துக் கோப்பிலேயே வைத்துவிடலாம்.

வார்டில் வேறு பிரச்சினை. சிஸ்டர் ரத்த அழுத்தம் எடுத்து ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வார், 20 நோயாளிகளையும் முடித்துவிட்டு ஷிப்ட் கடைசியில் கணினியில் ஏற்றுவார். துண்டுத் தாளில் ஒரு வரி நழுவினால் கீழே உள்ள எல்லாம் ஒரு ஆள் தள்ளிப் போய்விடும். வார்டுக்கு ஒரே கணினி, அதுவும் மூலையில் இருந்தால் அவர் வேறு என்ன செய்வார்? படுக்கைப் பக்கத்திலேயே எழுதும் வசதி செய்யாமல் சிஸ்டரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. கூடவே, ஒருவர் திறந்து வைத்த லாகினில் எல்லோரும் அடிக்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். யார் அடித்தது என்று தெரியாவிட்டால் யாருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதும் தெரியாது.

பயிற்சி என்ற பெயரில் "பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கோ" என்று விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் தவறான பழக்கமும் சேர்ந்தே ஒட்டிக்கொள்கிறது. இரண்டே பக்கத்தில் விதிகளை எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் போதும்: பெயர் ஆதாரில் உள்ளபடி, இனிஷியல் எங்கே, தேதி நாள்-மாதம்-ஆண்டு வரிசையில், எடை கிலோவில், தெரியாதது 'தெரியவில்லை'. ஒப்பந்த ஊழியர்களையும் இரவு ஷிப்டையும் இந்தப் பயிற்சியில் சேர்க்க மறக்கக் கூடாது. ஒரு நாள் அவர்களை லேபுக்கும் வார்டுக்கும் காப்பீட்டு மேசைக்கும் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் அடித்த எண்ணை வைத்து மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காட்டுங்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அட்டையில் ஒரு பெயர், நம் கோப்பில் ஒரு பெயர் என்றிருந்தால் ஒப்புதலுக்கு முன் கேள்வி வரும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர் இன்னும் காத்திருப்பார். இதை நேரில் பார்த்தவர் அடுத்த தடவை அட்டையை வாங்கிப் பார்க்காமல் பெயர் அடிக்க மாட்டார்.

அளந்து பார்க்க

மாதம் ஒரு தடவை 50 கேஸ் ஷீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 கட்டத்தைக் கணினியோடு ஒப்பிட்டால் மொத்தம் 1000 கட்டம். 10 தவறு இருந்தால் 1 சதவீதம். 99 சதவீதம் சரி என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் 99 சதவீதம் சரியாக இருந்து, பிழைகள் அங்கங்கே சிதறி விழுந்தால், 20 கட்டமும் பிழையில்லாமல் இருக்கும் கோப்பு 100-க்கு 82 தான். 18 பேரின் கோப்பில் ஏதோ ஒரு தவறு இருக்கும். எந்தக் கட்டத்தில் தவறு குவிகிறது என்று பாருங்கள். யார் செய்தார் என்பதைவிட அதுதான் வழி காட்டும்.

ஊகத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி கடைசி இலக்கம். டிஜிட்டல் கருவியில் எடுத்த ரத்த அழுத்தமானால் பத்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடிய வேண்டும். பாதரசக் கருவியில் 2, 2-ஆகக் கோடு இருப்பதால் ஐந்தில் ஒன்று. பக்கம் முழுக்க 120/80, 130/80, 110/70 என்று இருந்தால் கருவியைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள், அல்லது கருவி கெட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒரு சிஸ்டருக்கு 40 நோயாளி. மூன்றில் எது என்று போய்க் கேட்க வேண்டும். வயதிலும் 40, 45, 50, 60 மட்டும் குவிந்திருந்தால் அதே சங்கதிதான். மக்கள்தொகைக் கணக்கை ஆராய்கிறவர்கள் நீண்ட காலமாக இப்படித்தான் வயதுப் பதிவைச் சோதிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் இரண்டு பேர் அடித்து ஒப்பிடும் முறையும் உண்டு. மருந்து ஆய்வுகளில் அப்படிச் செய்கிறார்கள். தினமும் நூற்றுக்கணக்கில் ஓபி வருகிற இடத்தில் அது நடக்காது. ரத்த வகை, ஒவ்வாமை, குழந்தையின் எடை, பிறப்பு இறப்பு விவரம் ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டாவது கண் வைத்தால் போதும் என்பது என் எண்ணம்.

திருத்துவதற்கும் ஒரு வழி வேண்டும். தாளில் தவறானதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. கணினியில் பழையது அழியாமல், யார் எப்போது மாற்றினார் என்பதோடு நிற்க வேண்டும். பிறப்பு விவரத்தை மாநகராட்சிக்கு அனுப்பும் முன், அச்செடுத்த தாளைத் தாயின் படுக்கைக்கே கொண்டுபோய் எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் கூட இருக்கும் உறவினரிடம் ஆதாரைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தாய்க்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை ஷிப்ட் அட்டவணையில் எழுதிக் கொடுக்க வேண்டியவர் மேலாளர்.